குறிப்பறிதலும் குறிப்பறியாரும்

முன்னுரை

தஞ்சைத் தரணியில் குறுவை அறுத்த களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும்போது, ‘மேற்கே கருக்கிறது’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால், ‘நெல்லைக் குவித்து மூடுங்கள்’ என்பதே அதன் பொருளாகும். வானத்தை நோக்கி, ‘ஆம், கருக்கிறது’ என்று கூறி வாளா நிற்கும் பிள்ளை ஏச்சுக்கு ஆளாகும். இவ்வாறு சொல்லின் நேர்ப்பொருளையே கொள்ளும் இயல்பு ஆட்டிசம் உடையோர் பலரிடம் காணப்படுகிறது. அவர்தம் இடர்ப்பாட்டைத் தமிழ் மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்கள் காட்டும் நெறி

திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பைப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்திற்கும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரத்திற்கும் சூட்டியுள்ளார். முகக்குறிப்பால் அகத்தை அறிவோரை எதனைக் கொடுத்தேனும் துணையாகக் கொள்க என்பது அவர்தம் கருத்து. எல்லார்க்கும் இயல்பாய் வாய்ப்பதொன்றாயின் அதற்கு இத்துணை விலை எதற்கு?

தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன் கூறினார். கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றல் உடையோர்க்கன்றி இவற்றின் பொருள் எளிதில் விளங்காது என்று மெய்ப்பாட்டியலை முடித்தார். குறிப்பறிதல் எல்லார்க்கும் ஒருபடித்தாய் அமைவதன்று என்பதனை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இக்கால ஆய்வு

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். 2012இல் டேமியன் மில்டன் என்னும் ஆட்டிசமுடைய பிரிட்டானிய அறிஞர் புதியதொரு கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்ளாமை ஒருவர்பால் மட்டும் உள்ள குறையன்று. ஆட்டிசமுடையார் உள்ளத்தைப் பிறரும் அறிய இயலாமையின் அஃது இருபாலார்க்கும் பொது என்பதே அது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் ஏற்ற 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது.

நாம் செய்த பிழை

வாய்மொழித் தேர்வொன்றில் மாணவர் ஒருவர் தரையையே நோக்கி நின்றார். பணிவற்றவர் எனக் கருதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அவர் நம் ஸலாமுக்கு ஒருநாளும் மறுமொழி தவறியதில்லை, ‘என்ன செய்தி?’ என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாறுவார். முன்னதற்கு விடை வரையறுக்கப்பட்டது, பின்னதற்கு அன்று என்பது நமக்குக் காலந்தாழ்ந்தே புலனாயிற்று. அடுத்த பருவத்தில் வினாக்களை முன்னரே எழுதிக் கொடுத்தோம். மெய்ப்பாடு எட்டினையும் அவற்றின் நிலைக்களன் முப்பத்திரண்டனையும் தரையை நோக்கியவாறே பிழையின்றி உரைத்தார். அன்று குறிப்பறியாது நின்றவர் அவரல்லர், நாமே.

முடிவுரை

சொல்ல வேண்டுவதை வெளிப்படையாகச் சொல்லுதல், கண்ணை நோக்குமாறு வற்புறுத்தாமை, விடைகூறக் காலம் தருதல் ஆகிய மூன்றும் ஆசிரியர்க்குச் செலவில்லாதவை. முகத்தைக் கொண்டு அகத்தை அளக்குமுன் ஒருமுறை வாய்திறந்து கேட்டறிதல் நம் கடனாகும்.