நீரிழிவாளர் மனச்சோர்வும் பேச்சுச் சிகிச்சையும்

'தேறுதல்' என்னும் சொல் பள்ளிக்கூடத்தாருக்கு மிகப் பழக்கமானது. பரீட்சையில் தேறினான் என்கிறோம். நோயிலிருந்து தேறினான் என்றும் கூறுகிறோம். ஐயம் நீங்கித் தெளிதற்கும் அச்சொல்லே உரியது. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே பற்றியவர்க்கு அளிக்கப்படும் பேச்சுச் சிகிச்சையின் இயல்பை விளக்க இதனினும் பொருத்தமான சொல் எமக்குக் கிடைத்திலது. ஆறுதல் கூறுவது வேறு. தேறச் செய்வது வேறு.

நம்மூரிற் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்கும் இந்நோய்க்கு நெடுநாட் கவலை காரணமாகலாம் எனத் தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். இன்றைய ஆராய்ச்சி அத்துணை நேராகக் கூறுவதில்லை. ஆயினும், நீரிழிவாளரிடையே மனச்சோர்வு ஏனையோரிடத்திலும் ஏறக்குறைய இருமடங்கு என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோர்ந்தவர் நடக்க எழார். மருந்து வேளை தவறும். குருதியிற் சீனி ஏறும். ஏறியதைக் கண்டு மனம் இன்னுந் தாழும். களைப்பு இரு நோய்க்கும் பொதுவாதலின், எல்லாம் சீனியால் வந்ததென்றே வீட்டார் எண்ணிவிடுவதுமுண்டு. வாயைக் கட்டத் தெரியாதவர் என்னும் வசைக்கோ குறைவில்லை. அவ்வசையால் எவருடைய சீனியும் இறங்கியதாக யாம் அறியோம்.

அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையே இங்கு பெரிதும் பயன்படுவது. சோர்வுற்ற உள்ளத்திலே தாமாக எழும் எண்ணங்களை அப்படியே ஏற்காது சோதித்துப் பார்க்கப் பழக்குவது அது. காலையிற் சீனியளவு கூடியிருக்கக் கண்ட ஒருவர், "எல்லாம் வீண், இனி மருந்தெடுத்தும் பயனில்லை" என்கிறார் எனக் கொள்வோம். "அப்பிடிச் சொல்லாதேயுங்கோ" என்பது ஆறுதல். சிகிச்சையாளரோ, "கடந்த இரு கிழமைக் குறிப்பைப் பார்ப்போமா? எத்தனை நாள் கூடியது? எத்தனை நாள் அளவாக நின்றது?" என வினவுவார். விடை நோயாளர் வாயிலிருந்தே வரவேண்டும். பின்னர்ச் சிறிய வீட்டுவேலை ஒன்று: பத்து நிமிடம் நடத்தல், நடந்தபின் மனம் எவ்வாறிருந்ததெனக் கொப்பியிற் குறித்தல். அடுத்த கிழமை அக்கொப்பியே பாடநூல். விடையைத் தாமே சொல்லிவிட்டு, மாணவன் கற்றுக்கொண்டான் என மகிழும் ஆசிரியர் எம் தொழிலில் உளர். இங்கே அவர்க்கு இடமில்லை.

இதன் பயனை முறையாக அளந்தோருள் முன்னோடியானவர் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்துப் பற்றிக் லஸ்ற்மன். அவர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்விலே, இரண்டாம் வகை நீரிழிவும் மனச்சோர்வும் உடைய 51 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். நீரிழிவுக் கல்வி இரு பிரிவார்க்கும் அளிக்கப்பட்டது. ஒரு பிரிவார்க்கு மட்டும் 10 கிழமை பேச்சுச் சிகிச்சையும் நடைபெற்றது. முடிவிலே, சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 85 பேர் சோர்வு நீங்கினர். மற்றையோருள் 27 பேரே. குருதிச் சீனியில் அப்போது வேறுபாடு தோன்றவில்லை. ஆறு மாதங் கழித்து நோக்கியபோதே சிகிச்சை பெற்றோரின் சராசரிச் சீனிநிலை மற்றையோரினும் தாழ்ந்திருந்தது. மனம் முந்தித் தேற, உடல் பிந்தித் தொடர்ந்தது போலும்! பின்வந்த ஆய்வுகள் பலவும் சோர்வு குறைவதை உறுதிசெய்தன; சீனி குறைவதில் அவை ஒருமித்த விடை தரவில்லை.

ஆதலின் இன்சுலினையோ குளிசையையோ நிறுத்திப் பேச்சை மட்டும் நம்புதல் தகாது. கிளினிக்கிலே சீனிக் கணக்கைக் காட்டுவோர், எதிலும் நாட்டமின்மை இரு கிழமைக்கு மேல் நீடிப்பின் அதனையும் வைத்தியரிடம் கூறலாம். வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே கூறவேண்டும்.