பாயில் இறங்கிய வளைவு

அக்காள் திருமண அழைப்பிதழைக் கணினியில் வரைந்தவன் நான். கோட்டோவியமாக இருந்தவரை ‘ழ’கரத்தின் சுழி வழுவழுப்பாகத்தான் இருந்தது, அச்சாகி வந்ததோ பல்பல்லாக! 8 அங்குல அகலத்திற்கு 800 புள்ளிகளே கொடுத்திருந்தேன். அங்குலத்திற்கு 300 வீதம் 2400 வேண்டும். அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன், பல்லும் பெரிதாயிற்று.

மணமக்கள் பெயர் நெய்த பாய் வாங்கப் பத்தமடை போனபோதுதான் நண்பர்களே, காரணம் விளங்கிற்று. கோரையும் பாவு நூலும் சந்திக்கும் கட்டங்களில் வளைவு படிப்படியாகவே இறங்கும். தாமிரபரணியில் ஊறிய கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ, அவ்வளவுக்குப் படி சிறுக்கும். நெய்தபின் நுணுக்கம் கூட்ட வழியில்லை.

வீடு திரும்பி, மூலக் கோட்டோவியத்திலிருந்தே 2400 புள்ளிகளுக்கு மாற்றினேன். விளிம்புப் புள்ளியில் கோடு பாதியை மூடினால் பாதிக் கருமை கொடுக்கும் வசதியும் கணினிக்கு உண்டு. சாயக் கோரைக்கு ஏது? ஆயினும் அக்காள் பத்திரப்படுத்தியிருப்பது பாயைத்தான்.