பிளான் போடும் மென்பொருள் முரண்டு பிடிக்கிறதா?

ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து வீட்டு பிளானை நீங்களே போடுகிறீர்களா? மலையில் கரண்டும் சிக்னலும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

1. கரண்ட் போன பிறகு ஆட்டோகேட் கோப்பு திறக்கவில்லையா? அதே ஃபோல்டரில், அதே பெயரில், 'பேக்' என முடியும் கோப்பை நகலெடுத்து, முடிவை 'டிடபிள்யூஜி' என மாற்றித் திறங்கள். முந்தைய சேமிப்பு அதில் இருக்கும். இனி தானாகவே சேமிக்க, 'சேவ்டைம்' கட்டளையில் 5 என வையுங்கள். போனால் ஐந்து நிமிட வேலைதான் போகும்.

2. அலகு எதுவெனச் சந்தேகமா? வாசற்கதவை மென்பொருளிலேயே அளந்து பாருங்கள். 7 அடிக் கதவு 2134 என்று காட்டினால் அலகு மில்லிமீட்டர். ஓர் அடிக்கு 304.8.

3. ஸ்வீட் ஹோம் 3டி-யில் கைப்படத்தை ஏற்றும்போது, இருப்பதிலேயே நீளமான சுவரின் அளவைக் கொடுங்கள். குட்டிச் சுவரில் செய்யும் சிறு பிசகு வீடு முழுக்கப் பெருகும்.

4. கட்டில், பீரோ மாடல்களைக் கீழே போளூர் போகும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்வீட் ஹோம் ஓட நெட் வேண்டாம்; மாடலை இறக்கத்தான் நெட் வேண்டும்.

5. சரிவு மனையா? நான்கு மூலை மட்டத்தையும் டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பிளானில் எழுதுங்கள். தண்ணீரில் குமிழி நின்றால் மட்டம் பொய். ஸ்வீட் ஹோம் தரையைச் சமமாகவே காட்டும். பள்ளத்துப் பக்கம் பேஸ்மென்ட் எத்தனை அடி எழும்ப வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செலவு கூடுவதே அங்கேதான்.

6. பிரின்ட் எடுக்கையில் 'தாளுக்குள் அடக்கு' வேண்டாம், 100 சதவீதம் வையுங்கள். இல்லாவிட்டால் மேஸ்திரி ஸ்கேல் வைத்து அளப்பது தப்பாகும்.