மின்னஞ்சலில் தமிழ் குழம்பி வந்தால்

ஊரிலிருந்து வந்த கடிதமோ, சங்கத்தின் அறிக்கையோ, கல்யாணப் பத்திரிகைக்கான வாசகமோ திறந்ததும் புரியாத குறிகளாக நின்றால், பலரும் அதை அழித்துவிட்டு "இன்னொரு தடவை அனுப்புங்கள்" என்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். குழப்பம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். பெரும்பாலான கடிதங்களை மீட்டுவிடவும் முடியும்.

1. முதலில் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள். கட்டங்களா, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளா, சாதாரண ஆங்கில எழுத்துகளின் குவியலா, கேள்விக்குறிகளா? நான்குக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

2. வரிசையாக வெறும் கட்டங்கள் என்றால் கவலையே வேண்டாம். கடிதம் முழுசாக வந்திருக்கிறது, உங்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதே கடிதத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள், பளிச்சென்று தெரியும். விண்டோஸ் 2000 முதல் லதா, விண்டோஸ் 7-இல் விஜயா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எனத் தமிழ் எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. லினக்ஸ்காரர்கள் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிக்கொள்ளலாம்.

3. தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' குறி, இவை இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அது யூனிகோட் தமிழேதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகப் போகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள், ஆக 15 பைட்டுகள். எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டே இரண்டில் ஒன்றுதான். இதை மேற்கு ஐரோப்பியக் குறியீடு என்று நினைத்து ஒரு நிரல் படித்தால், மேலே சொன்ன இரட்டை எழுத்து பக்கம் முழுக்க நிரம்பிவிடும்.

இந்தக் குழப்பத்தை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டித் திருத்த முயல வேண்டாம். சில பைட்டுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒட்டும்போது அவை உதிர்ந்துவிடும். புள்ளியின் மூன்றாவது பைட் அப்படிப்பட்டதுதான். புள்ளிகள் போய்விட்ட தமிழை யாரால் படிக்க முடியும்? எப்போதும் மூலக் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள்.

4. அதைச் சரிசெய்யும் வழி: தண்டர்பேர்டில் 'வியூ' பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' இருக்கிறது. பழைய அவுட்லுக்கில் கடிதத்தைத் தனியாகத் திறந்து, 'ஆக்‌ஷன்ஸ்' வழியே 'என்கோடிங்' போய் 'யூனிகோட் யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' சென்று மூலக் கடிதத்தைப் பதிவிறக்கி, அந்தக் கோப்பைத் தண்டர்பேர்டில் திறக்கலாம்.

5. இடைவெளியே இல்லாத எழுத்துக் கட்டியாக வந்து, அதில் '4கே6' என்பதற்கான ஆங்கில வடிவம் அடிக்கடி தலைகாட்டுகிறதா? தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. மின்னஞ்சலின் பழைய வழித்தடங்கள் 7 பிட் ஆங்கிலத்துக்காகப் போடப்பட்டவை. மற்ற மொழிகளையும் அதில் அனுப்ப 1992-இல் மைம் என்ற விதிமுறை வந்தது. அதன்படி கடிதம் பேஸ்64 என்ற வடிவில் கட்டி அனுப்பப்படுகிறது. கட்டை அவிழ்க்கச் சொல்லும் தலைப்பு வரி வழியில் சேதமாகிவிட்டால், கட்டு அப்படியே கண்ணில் படும். இணையத்தில் கிடைக்கும் பேஸ்64 மாற்றிகளில் ஒட்டினால் தமிழ் வெளியே வரும். அந்தரங்கமான கடிதத்தை மட்டும் அந்நியத் தளத்தில் ஒட்ட வேண்டாம். இரண்டிரண்டு எழுத்துக்கு முன்னால் சமக்குறி வந்தாலும் இதே கதைதான். அது கட்டும் முறைகளில் இன்னொன்று.

6. கடிதம் சரியாக இருந்து, பொருள் வரியில் மட்டும் நடுவில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் அனுப்பிய நிரலின் கவனக்குறைவு. பொருள் வரியை 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாக நறுக்க வேண்டும் என்பது விதி. பேஸ்64-இல் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளே அடங்கும். சில நிரல்கள் ஒரு தமிழ்க் குறியையே நடுவில் வெட்டிவிடுகின்றன. பொருள் வரியைச் சுருக்கமாக எழுதுங்கள்.

7. 'தமிழ்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கிறதா? அது பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம். ஈழத்துக் குடும்பங்களிடையே போய்வந்த பழைய மின்னஞ்சல்கள் ஏராளமாக இந்த வகை. டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்று வேறு குறியீடுகளும் புழங்கின. இவற்றுக்கு என்கோடிங் பட்டியலைத் தட்டிப் பயனில்லை, மாற்றி ஒன்று வேண்டும். பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை. எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் முதல் வரியை மட்டும் ஒவ்வொரு முறையிலும் போட்டுப் பாருங்கள். சரியான முறை கிடைத்ததும் தமிழ் தானே பேசும். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் கெட்டுவிடும் என்பதால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

8. வெறும் கேள்விக்குறிகள் என்றால், அந்தப் பிரதியில் தமிழ் போய்விட்டது. எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அனுப்பியவரின் 'அனுப்பியவை' பெட்டியில் தேடச் சொல்லுங்கள். பழைய நோட்பேடில் 'ஆன்சி' என்று சேமித்தாலே தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8-இல் சேமிக்கிறது. முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் சேமிக்கும்போது பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

9. குழம்பிய கடிதத்துக்கு மேலேயே பதில் எழுதி அனுப்பாதீர்கள். குழப்பம் இன்னொரு முறை கட்டப்பட்டு இரட்டிப்பாகும். விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டுமானால் 'ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மென்ட்' மூலம் இணைப்பாக அனுப்புங்கள்.

10. இணைப்பாக வந்த சிஎஸ்வி பட்டியல் எக்செல்லில் குழம்பினால், இருமுறை தட்டித் திறக்காதீர்கள். 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியே கொண்டுவந்து, 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள். குழம்பிய நிலையில் சேமித்துவிட்டால் மூலமும் கெட்டுப்போகும்.

11. இணைப்புக் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பதே இன்றைக்கும் பத்திரம்.

12. அனுப்புகிறவர்களுக்கு: அவுட்லுக் வைத்திருந்தால் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' போய், வெளியே செல்லும் கடிதங்களுக்கு யூடிஎஃப்-8 என்று ஒரே ஒருமுறை அமைத்துவிடுங்கள். முக்கியமான கடிதம் என்றால் வேறு நிறுவனத்தில் உள்ள உங்கள் இன்னொரு முகவரிக்கு முதலில் அனுப்பிச் சோதியுங்கள். பத்திரிகை வாசகம், முகவரிப் பட்டியல் போன்றவற்றுக்கு ஒரு பிடிஎஃப் பிரதியும் சேர்த்தால் சிக்கலே இல்லை.

தமிழக அரசு யூனிகோடை 2010-இல் ஏற்றுவிட்டது. புதிய கடிதங்களில் இந்தத் தொல்லை குறைந்துகொண்டே வருகிறது. ஆபத்தில் இருப்பவை பழைய கடிதங்கள். அவற்றைத் தட்டிய எழுத்துருக்களும் மாற்றிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் பாமினியிலோ டிஸ்கியிலோ கடிதங்கள் கிடந்தால், மாற்றிகள் கைக்குக் கிடைக்கும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் கூடவே சேமித்து வையுங்கள்.