பாக்கெட் சொல்வதை அப்படியே நம்பலாமா?

இன்டர்நெட்டில் இருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் படிப்பது யார்? பிரவுசர் அல்ல. ஆன்டி வைரஸும் அல்ல. கெர்னல்தான். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எதுவாக இருந்தாலும், நெட்வொர்க் கார்டில் இருந்து பாக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது கெர்னலில் உள்ள நெட்வொர்க் புரோகிராம். அந்த இடத்தில் ஒரு வரி தவறினால், வேறு எந்தப் பாதுகாப்பும் கை கொடுக்காது.

அந்தப் புரோகிராமைச் சரிபார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் இந்த மாதப் பாடம். சி மொழியில் 'இஃப்', 'ஃபார்' இரண்டும் தெரிந்தால் போதும், தொடர்ந்து வரலாம்.

ஹெடர் என்பது ஒரு சீட்டு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஒரு லாரி வருகிறது. டிரைவர் தரும் சீட்டில் 40 மூட்டை என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் சீட்டைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போடுவாரா? மூட்டைகளை இறக்கி எண்ணிப் பார்த்த பிறகுதான் போடுவார். 32 மூட்டைதான் இறங்கியது என்றால், மீதி எட்டுக்காகப் பக்கத்துக் கடை மூட்டையில் கை வைக்க முடியாது அல்லவா?

பாக்கெட்டின் முன்னால் இருக்கும் ஹெடரும் இப்படி ஒரு சீட்டுதான். யாரிடம் இருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, ஹெடரின் நீளம் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு என்ற விவரங்கள் அதில் இருக்கும். எல்லாவற்றையும் எழுதியவர் அனுப்பியவர். அவர் நல்லவராகவும் இருக்கலாம், உங்கள் கம்ப்யூட்டரைக் கவிழ்க்க நினைப்பவராகவும் இருக்கலாம். சீட்டில் 60 பைட் என்று எழுதி 40 பைட் மட்டும் அனுப்பினால், எண்ணிப் பார்க்காத புரோகிராம் மீதி 20 பைட்டைப் பக்கத்து மெமரியில் இருந்து எடுத்துப் படித்துவிடும். அங்கே உங்கள் பாஸ்வேர்டு இருக்கலாம், வேறு புரோகிராமின் தகவல் இருக்கலாம்.

ஐபி ஹெடரின் முதல் பைட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அதன் மதிப்பு 69. இதை 16-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 5. ஈவு, ஐபி-யின் நான்காம் பதிப்பு என்பதைக் காட்டுகிறது. மீதியை 4-ஆல் பெருக்கினால் ஹெடரின் நீளம் கிடைக்கும். 5 × 4 = 20 பைட். இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 4 பிட் மட்டுமே. எனவே 0 முதல் 15 வரை எதுவும் வரலாம். ஆனால் 5-க்குக் குறைவாக வந்தால் அது பொய்ச் சீட்டு. டிசிபி ஹெடரிலும் இதே கணக்குதான்: குறைந்தது 20 பைட், அதிகபட்சம் 60 பைட்.

ஒழுங்காக எழுதிய புரோகிராம் எப்படி இருக்கும்?

லினக்ஸில் ஐபி பாக்கெட்டை முதலில் வாங்கும் ஃபங்ஷனின் பெயர் 'ஐபி ஆர்சிவி'. அது செய்யும் வேலைகளை வரிசையாகத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

1. 20 பைட் கையில் இருக்கிறதா? இல்லை எனில் கைவிடு.
2. பதிப்பு எண் 4 தானா? ஹெடர் எண் 5 அல்லது அதற்கு மேலா? இல்லை எனில் கைவிடு.
3. ஹெடர் சொல்லும் முழு நீளமும் கையில் இருக்கிறதா? இல்லை எனில் கைவிடு.
4. செக்சம் சரியா? இல்லை எனில் கைவிடு.
5. சீட்டில் உள்ள மொத்த நீளம், வந்த பைட்டுகளை விட அதிகமா? அல்லது ஹெடர் நீளத்தை விடக் குறைவா? ஆம் எனில் கைவிடு.
6. சீட்டில் உள்ளதை விட அதிக பைட் வந்திருந்தால், கூடுதலை வெட்டிவிடு.

வரிசையைக் கவனியுங்கள். முதல் 20 பைட் இருப்பது உறுதியான பிறகுதான் ஹெடர் எண்ணைப் படிக்கிறது. அந்த எண் சரி என்று தெரிந்த பிறகுதான் அதை வைத்து அடுத்த கணக்கைப் போடுகிறது. இந்த வரிசை மாறினால் சோதனை இருந்தும் பயனில்லை.

'கையில் இருக்கிறதா' என்று ஏன் கேட்க வேண்டும்? லினக்ஸில் ஒரு பாக்கெட் முழுவதும் மெமரியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பகுதி ஓரிடத்திலும் மீதி வேறு பக்கங்களிலும் துண்டு துண்டாக இருக்கலாம். தேவையான பைட்டுகளை முன்பகுதிக்கு இழுத்து வைக்க 'பிஎஸ்கேபி மே புல்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. படிக்க மட்டும் வேண்டும் என்றால் 'எஸ்கேபி ஹெடர் பாயின்டர்' போதும். தேவைப்பட்டால் அது ஒரு நகல் எடுத்துத் தரும். இந்த இரண்டில் ஒன்றையும் கூப்பிடாமல் ஹெடரைத் தொடும் வரியைக் கண்டால், சரிபார்ப்பவர் உடனே சிவப்புக் கோடு போட வேண்டும்.

நம் வீட்டு ரவுட்டரில் இருந்த ஓட்டை

இனி ஒரு உண்மைச் சம்பவம். 2005-ல் பி.எஸ்.என்.எல். தொடங்கிய டேட்டாஒன் பிராட்பேண்டைப் பயன்படுத்தியவர்களுக்கு, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணைப்பு எடுத்தது நினைவிருக்கும். அந்த முறைக்குப் பெயர் பிபிபிஓஇ. ஃபைபர் வந்த பிறகும் பல இணைப்புகளில் இதே முறைதான். இதில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் கூடுதல் ஹெடருக்குப் போய்விடும். அதனால் 1500 பைட்டுக்குப் பதில் 1492 பைட்தான் செல்லும்.

நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பிங்' என்று தட்டி, மைனஸ் எஃப், மைனஸ் எல், 1464 என்று கொடுத்து, கடைசியில் 8.8.8.8 என்ற முகவரியைத் தட்டுங்கள். திண்டுக்கல்லில் என் வீட்டு இணைப்பில் 1464 போகிறது. 1465 கொடுத்தால் துண்டாக்க வேண்டும் என்று சொல்லித் திரும்பி விடுகிறது. 1464 உடன் ஐபி ஹெடர் 20, பிங் ஹெடர் 8 சேர்த்தால் 1492. கணக்கு சரியாக வருகிறது.

இந்தக் குறைந்த அளவு மறுமுனையில் உள்ள சர்வருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ரவுட்டர் ஒரு வேலை செய்கிறது. டிசிபி இணைப்பு தொடங்கும்போது போகும் முதல் பாக்கெட்டைப் பிடித்து, அதில் உள்ள எம்எஸ்எஸ் என்ற அளவை 1452 என்று மாற்றி அனுப்புகிறது. லினக்ஸில் இதைச் செய்யும் பகுதியின் பெயர் 'டிசிபிஎம்எஸ்எஸ்'. லினக்ஸில் ஓடும் வீட்டு ரவுட்டர்கள் ஏராளம் என்பதால், இந்தப் பகுதி உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

அதில் இப்படி ஒரு சோதனை இருந்தது:

மொத்த நீளம் < டிசிபி ஹெடர் நீளம் எனில் – கைவிடு

பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஹெடர் பாக்கெட்டை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஆனால் ஹெடர் நீளம் 0 என்று ஒருவன் எழுதி அனுப்பினால்? 0 என்பது எந்த நீளத்தையும் விடக் குறைவு. சோதனை கடந்து போய்விடும்.

அடுத்து, ஒரு 'ஃபார்' லூப் ஹெடரின் 20-ஆவது பைட்டில் தொடங்கி, (ஹெடர் நீளம் – 4) வரை எம்எஸ்எஸ் எங்கே என்று தேடும். 0 – 4 = –4. லூப்பின் எண் 20-ல் தொடங்குவதால் உடனே நின்றுவிடும் என்றுதானே நினைப்போம்? நிற்காது. லூப் எண் 'அன்சைன்டு', அதாவது மைனஸ் தெரியாத வகை. அதோடு ஒப்பிடும்போது –4 என்பது 4,294,967,292 ஆக மாறிவிடும்! லூப் பாக்கெட்டின் எல்லையைத் தாண்டி அடுத்தவர் மெமரிக்குள் ஓடும். தேடிய எண்கள் அங்கே எதேச்சையாகக் கிடைத்துவிட்டால், அதன் மேல் எழுதவும் செய்யும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதே பகுதியில் நீளம் 0 என்று சொல்லும் ஆப்ஷன் வந்தால் லூப் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு இருக்கக் கூடாது என்று முன்பே யோசித்து, ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டாகவே பார்த்துப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

கேசான் என்ற மெமரி பரிசோதனைக் கருவி தந்த அறிக்கையில் இது பிடிபட்டது. 2017 ஏப்ரலில் கெர்னல் புரோகிராமர் எரிக் டூமாசே திருத்தம் எழுதினார்:

மொத்த நீளம் < டிசிபி ஹெடர் நீளம் அல்லது டிசிபி ஹெடர் நீளம் < 20 எனில் – கைவிடு

அதே திருத்தத்தில் இன்னொரு ஓட்டையும் அடைபட்டது. பாக்கெட்டில் எம்எஸ்எஸ் இல்லை என்றால், ரவுட்டரே 4 பைட் சேர்த்து ஹெடர் எண்ணில் ஒன்றைக் கூட்டும். ஏற்கெனவே 15 இருந்தால்? 4 பிட்டில் 15 + 1 = 0 ஆகிவிடும். அதனால் ஹெடர் 60 பைட்டைத் தொட்டிருந்தால் எதையும் சேர்க்காதே என்று எழுதினார்கள். லினக்ஸ் 4.11-இல் இந்தத் திருத்தம் இருக்கிறது; 4.9 வரிசைக்கு 4.9.36-இல் வந்தது. இதற்கு சிவிஇ-2017-18017 என்று எண் கொடுத்து, 10-க்கு 9.8 என்று ஆபத்து மதிப்பும் போட்டார்கள்.

சரிபார்ப்பவர் கேட்கும் ஐந்து கேள்விகள்

1. கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் உண்டா? மேலே பார்த்த ஓட்டை இந்த வகை.

2. கணக்குப் போடும்போது எண் நிரம்பி வழியுமா? 1996-97-ல் பல சிஸ்டங்களைக் கவிழ்த்த 'பிங் ஆஃப் டெத்' இதற்கு உதாரணம். ஐபி பாக்கெட்டின் உச்ச அளவு 65,535 பைட். கடைசித் துண்டு 65,528-ஆவது இடத்தில் தொடங்குவதாகச் சொல்லி, அதில் 7 பைட்டுக்கு மேல் வைத்து அனுப்பினால், துண்டுகளைச் சேர்க்கும்போது இடம் போதாது.

3. ஆப்ஷன்களின் நீளம் ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்களா? 2020 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அடைத்த 'பேட் நெய்பர்' ஓட்டை இந்த வகை. ஐபி ஆறாம் பதிப்பில் டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் ஆப்ஷனின் நீளம் ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். இரட்டைப்படையில் அனுப்பினால் விண்டோஸ் 10 கணக்குத் தவறியது.

4. பாயின்டர் பழையதா? பைட்டுகளை இழுக்கும்போது கெர்னல் பாக்கெட்டைப் புது இடத்துக்கு மாற்றலாம். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடக் கூடாது. ஹெடர் பாயின்டரைத் திரும்ப வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹெடரில் எழுதுவதாக இருந்தால், அதே மெமரியை வேறு யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

5. பைட் வரிசை சரியா? 1500 என்ற எண் நெட்வொர்க்கில் 5, 220 என்ற இரண்டு பைட்டாக வரும். நம் கம்ப்யூட்டர் தலைகீழாகப் படித்தால் 56,325 ஆகிவிடும். மாற்றிப் படித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

பயிற்சி

கீழே உள்ள பாக்கெட்டுகளில் எவற்றை ஏற்கலாம்?

அ) முதல் பைட் 68, மொத்த நீளம் 40, வந்தது 40 பைட்.
ஆ) முதல் பைட் 79, மொத்த நீளம் 40, வந்தது 40 பைட்.
இ) முதல் பைட் 70, மொத்த நீளம் 1500, வந்தது 1500 பைட்.
ஈ) முதல் பைட் 69, மொத்த நீளம் 40, வந்தது 46 பைட்.

விடை: (அ) ஹெடர் 16 பைட்தான், கைவிடு. (ஆ) ஹெடர் 60 பைட், வந்ததோ 40, கைவிடு. (இ) ஹெடர் 24 பைட், நீளமும் பொருந்துகிறது, ஏற்கலாம். (ஈ) ஏற்கலாம். ஈதர்நெட்டில் குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும் என்பதால் 6 பைட் வெறுமனே நிரப்பி வந்திருக்கிறது. அதை வெட்டிவிட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கெர்னல் எழுதுகிறவர்கள் திருத்தினாலும், அந்தத் திருத்தம் உங்கள் ரவுட்டருக்குத் தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். 2017-க்கு முந்தையது என்றால் இந்தத் திருத்தம் அதில் இருக்க வாய்ப்பில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் புதியது இருந்தால் ஏற்றுங்கள். இல்லை என்றால், உங்கள் மாடலுக்கு ஓபன் டபிள்யூஆர்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் ரவுட்டரை மாற்றுவதே நல்லது.

ஆண்ட்ராய்டு போனில் 'அபவுட் போன்' பகுதியில் கெர்னல் வெர்ஷன் தெரியும். எண் சிறிதாக இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். பழைய வரிசைகளுக்கும் திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உண்டு. எண்ணுடன் செக்யூரிட்டி அப்டேட் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தேதி வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தால், அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.