பீங்கானின் அடியைப் பார்ப்பவன் படத்தின் புள்ளியையும் பார்க்க வேண்டும்

கொஸ்லந்த கடைவீதியில் எமது வாப்பா ஆரம்பித்த பீங்கான், பாத்திரக் கடையை இன்று நான் நடத்தி வருகின்றேன். பூணாகலை, ஹல்துமுல்ல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களே எமது நிரந்தர வாடிக்கையாளர்கள். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருபவர்களும் இடைக்கிடை எட்டிப் பார்ப்பார்கள்.

வாப்பா எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் இதுதான். ஒரு பீங்கானை வாங்கும்போது பூவைப் பார்க்காதே, திருப்பி அடியைப் பார். அடியில் மாத்தளை நொரிடாக்கியா, தங்கொட்டுவயா என்று முத்திரை இருக்கும். அதன் பிறகு விரலால் தட்டிப் பார். கணீர் என்றால் நல்லது. சத்தம் அடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கின்றது. கீறல் விழுந்தவற்றை அவர் தனிக் கூடையில் போட்டு, "இது கீறல் சாமான்" என்று சொல்லியே விற்பார்.

இவ்வளவையும் படித்திருந்த நான், 2023ஆம் ஆண்டு ஒரு படத்தைப் புரட்டிப் பார்க்காமலேயே வாங்கி 2,25,000 ரூபாவை இழந்தேன். எமது வியாபாரச் சகோதரர்கள் வேறு எவரும் அந்தக் குழியில் விழக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

நடந்தது என்ன?

2022இல் எமது ரூபாவின் பெறுமதி எப்படி விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டின் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா வரை சென்றது. வங்கியில் கிடந்த பணம் கண் முன்னே கரைந்ததைப் பார்த்த வியாபாரிகள் பலர் தங்கம், காணி, வாகனம் என்று ஓடினார்கள். என் மனதிலும் அதே பயம்தான் இருந்தது.

அவ்வேளையில் ஒரு தரகர் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படத்துடன் வந்தார். பாய்ந்து செல்லும் குதிரைகள். கீழே ஹுசைன் என்ற கையொப்பம். "இந்தியாவின் எம்.எஃப்.ஹுசைன், நானா! பழைய துரை பங்களா சாமானோடு வந்தது. கையால் ஒப்பமிட்டது" என்றார். மூன்று இலட்சம் கேட்டார், இரண்டே கால் இலட்சத்துக்கு முடித்தோம். பாடசாலைத் தவணை ஆரம்பத்தில் சாமான் போட வைத்திருந்த பணம் அது. பற்றுச்சீட்டு கேட்டேன். "நம்பிக்கைதானே நானா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மக்பூல் ஃபிதா ஹுசைன் யார்?

1915இல் மகாராஷ்டிராவின் பண்டர்பூரில் பிறந்தவர். பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர். 1947இல் பம்பாயில் உருவான முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்து புகழ் பெற்றார். 1971இல் பிரேசிலின் சாவோ பாவுலோ கலைக் கண்காட்சிக்கு, உலகப் புகழ் பெற்ற பிக்காசோவுடன் சேர்த்து விசேட அழைப்புப் பெற்றவர். 2006இல் இந்தியாவை விட்டு வெளியேறி, 2010இல் கட்டார் பிரஜையாகி, 2011 ஜூன் 9இல் லண்டனில் காலமானார். 1954இல் அவர் தீட்டிய 'கிராம யாத்திரை' என்ற பெரிய ஓவியம், 2025 மார்ச்சில் நியூயோர்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 38 இலட்சம் டொலருக்கு விலை போனது.

இப்படியான விலைகளைப் பத்திரிகையில் பார்க்கும் போதுதான் எமக்குப் புத்தி தடுமாறுகின்றது. அந்த விலை அவர் தன் கையால் தீட்டிய ஒரேயொரு ஓவியத்துக்கு உரியது. அவருடைய பெயரில் சந்தையில் இருப்பவை மூன்று வகை. அவற்றைப் பிரித்தறியாதவன் வியாபாரம் செய்யவில்லை, சூதாடுகின்றான்.

மூன்று வகை

முதலாவது, கையால் தீட்டிய ஓவியம். ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

இரண்டாவது, எண்ணிட்ட அச்சு. ஹுசைனின் செரிகிராஃப்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ரீ-சேட்டில் எழுத்து அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் முறைதான் இது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை வைத்து மையை அழுத்துவார்கள். குறித்த எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு, ஓவியர் ஒவ்வொன்றிலும் தன் கையால் ஒப்பமிடுவார். 45/150 என்றிருந்தால், 150 பிரதிகளில் 45ஆவது என்று பொருள். ஏ.பி. என்றிருந்தால், ஓவியருக்கென்று ஒதுக்கிய பிரதி. ஓவியத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதன் விலை. ஆனாலும் இதற்கென்று நேர்மையான ஒரு சந்தை இருக்கின்றது.

மூன்றாவது, ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து நாட்காட்டி போல ஒப்செட்டில் அடித்த படம். அதில் தெரியும் கையொப்பமும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். எத்தனை ஆயிரமும் அடிக்கலாம். சுவருக்கு அழகு, முதலீட்டுக்கு உதவாது.

புள்ளி சொன்ன உண்மை

படத்தை வாங்கி இரண்டு மாதத்தில், கண்டியில் புது வீடு கட்டிய குடும்ப நண்பர் ஒருவர் அதைப் பார்த்து ஆசைப்பட்டார். நான்கு இலட்சத்துக்குப் பேசி, 50,000 ரூபா முற்பணமும் தந்துவிட்டுச் சென்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் பண்டாரவளைக்குச் சென்றபோது, சட்டத்தைச் சரி செய்ய அந்தப் படத்தையும் எடுத்துச் சென்றிருந்தேன். பழக்கமான நகைக் கடையில் தேநீர் குடிக்க அமர்ந்தேன். கடைக்காரர் கல் பார்க்கும் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை விளையாட்டாகப் படத்தின் மேல் வைத்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலாளி, நீங்களே பாருங்கள்" என்று கண்ணாடியை நீட்டினார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். குதிரையின் உடம்பு முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள், பத்திரிகைப் படத்தில் இருப்பது போலவே. "கையெழுத்தையும் பாருங்கள்" என்றார். கையெழுத்தும் புள்ளிதான். பென்சிலால் எழுதியிருந்தால் கோடு தொடர்ச்சியாக இருக்கும், தாளில் அழுத்தமும் தெரியும். சட்டத்தைக் கழற்றினோம். வழுவழுப்பான சாதாரணத் தாள். எண் எதுவும் இல்லை. மூன்றாவது வகை.

தரகருக்கு அழைப்பெடுத்தேன். அவர் எடுக்கவில்லை. என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் ஒரு கணக்குப் போட்டது. கண்டி நண்பருக்கு இது தெரியாது. அவர் படத்தை நேரில் பார்த்துத்தானே விலை பேசினார்? நானும் ஏமாந்தவன்தானே? வாயை மூடிக் கொண்டால் ஒன்றே முக்கால் இலட்சம் இலாபம். சொன்னால் இரண்டே கால் இலட்சம் நட்டம்.

கடையைத் திறந்ததும் வாப்பாவின் கீறல் கூடைதான் கண்ணில் பட்டது. ஐம்பது ரூபாப் பீங்கானின் கீறலைச் சொல்லி விற்றவரின் லாச்சியில் நான் எந்தப் பணத்தைப் போடுவது? அன்றிரவே நண்பருக்கு அழைத்து உண்மையைச் சொல்லி, முற்பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சொன்னீர்களே நானா, அது போதும்" என்றார். படத்தை அவர் வாங்கவில்லை. அந்தத் தவணைக்கான சாமானைக் கடனுக்குத்தான் போட்டேன்.

பிக்காசோவின் பீங்கான் தரும் பாடம்

அதன் பிறகே இத்துறையைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். என் தொழிலோடு நெருங்கிய ஒரு சரித்திரம் அதில் இருந்தது. ஸ்பெயினில் பிறந்த பாப்லோ பிக்காசோ, 1946இல் தென் பிரான்சின் வல்லோரிஸ் என்ற குயவர் ஊருக்குச் சென்றார். அங்கு ராமியே தம்பதியினர் நடத்திய மதூரா மண்பாண்டச் சாலை அவருக்குப் பிடித்துப் போனது. 1947 முதல் 1971 வரை அவருடைய வடிவங்களில் 633 வகைத் தட்டுகள், கூசாக்கள், ஓடுகள் அங்கே எண்ணிக்கை குறித்துத் தயாரிக்கப்பட்டன. சில வகைகள் 25 பிரதிகள், சில 500 பிரதிகள் வரை.

இவற்றில் பெரும்பாலானவற்றில் பிக்காசோவின் கையொப்பம் கிடையாது. அடையாளம் முழுவதும் அடியிலேதான். அவர் செய்த மாதிரியைப் பார்த்துத் தொழிலாளர்கள் கையால் செய்த பிரதிக்கு ஒரு முத்திரை. அவர் செதுக்கிய அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்த பிரதிக்கு வேறொரு முத்திரை. அத்தோடு மதூராவின் சொந்த முத்திரையும் இருக்கும். 633 வகைகளையும் அளவு, நிறம், முத்திரை, எண்ணிக்கையோடு பட்டியலிட்ட நூலும் உண்டு. வாங்குபவர் தட்டைத் திருப்பி, அந்த நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012இல் லண்டனில் மதூராவின் சொந்தச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது எல்லாமே விற்றுத் தீர்ந்தன. மொத்தம் சுமார் 80 இலட்சம் பவுண்.

ஒரே வடிவத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகள் இருந்தும் ஏன் விலை குறையவில்லை? எத்தனை செய்யப்பட்டன என்பது வெளிப்படையாகத் தெரியும், எது உண்மையானது என்பதை நிரூபிக்க முடியும். கலைப் பொருளில் அழகுக்கு ஒரு விலை, நிரூபணத்துக்கு ஒரு விலை. நான் அழகைப் பார்த்து நிரூபணத்தின் விலையைக் கொடுத்துவிட்டேன்.

எமது நாட்டு நிலைமை

எமது நாட்டில் 1943இல் உருவான '43 குழு'வின் ஓவியர்களுக்குத்தான் நல்ல கிராக்கி. அவர்களில் முதன்மையானவர் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீட் (1901-1993). பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்கள் அவர் கைவண்ணம். எங்கே விலை ஏறுகின்றதோ அங்கே போலியும் வரும். கீட்டின் பெயரில் போலிகள் உலாவுவது கொழும்பில் இத்துறையினர் நன்கறிந்த விடயம்.

வாங்க எண்ணுபவர்கள் முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் என்ற ஓவியரின் வீடாக இருந்த சபுமல் மன்றத்தில் அக்குழுவினரின் உண்மையான ஓவியங்களைக் காணலாம். சிறு முதலுள்ளவர்களுக்கு 1993 முதல் கொழும்பில் நடந்து வரும் 'கலா பொல' திறந்தவெளிச் சந்தை பொருத்தமானது. அங்கே வரைந்தவரே நிற்பார். அவர் கையாலேயே ஒப்பமும் பற்றுச்சீட்டும் வாங்கலாம்.

வாங்கும் முன் ஆறு விடயங்கள்

1. கடையின் சாமான் பணத்தை இதில் போடாதீர்கள். படத்தை நாளைக் காலை விற்று அரிசிக்காரனுக்குக் கொடுக்க முடியாது.

2. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் படத்தையும், முக்கியமாகக் கையொப்பத்தையும் பாருங்கள். நிறப்புள்ளிகள் தெரிந்தால் ஒப்செட். ஆனால் புள்ளி இல்லை என்பதற்காக மட்டும் உண்மையானது என்று முடிவெடுக்க வேண்டாம்.

3. சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பீங்கானாயின் அடியைப் பாருங்கள்.

4. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடரை எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டில் ஓவியம், எண்ணிட்ட அச்சு, சாதாரணப் பிரதி என்று வகையைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். காசோலையால் செலுத்துங்கள்.

5. ஏலக் கழிவைக் கணக்கில் எடுங்கள். பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவர் விலைக்கு மேல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செலுத்த வேண்டும். ஒரு இலட்சத்துக்கு ஏலம் விழுந்தால் கைவிட்டுப் போவது 1,25,000. திருப்பி விற்கையில் பத்து வீதம் கழிவு என்று வைத்தால், ஏல விலை ஏறத்தாழ 1,39,000ஐத் தொட்டால்தான் முதலே திரும்பும்.

6. எமது மலைநாட்டுப் பனியும் ஈரமும் தாளுக்கு எதிரி. வெளிச்சுவரில் மாட்டினால் சில வருடங்களில் பழுப்புப் புள்ளி விழும். உட்சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். ஆவணங்களின் பிரதியை வேறொரு ஊரில் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்த மண்சரிவில் வீடுகளும் உயிர்களும் மண்ணுக்குள் போனதைக் கண்ட ஊர் இது. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பது புத்தியல்ல.

உயிருள்ளவற்றின் உருவங்களை வீட்டில் மாட்டுவது பற்றிய மார்க்க விடயத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இப்பத்தி பேசுவது கொடுக்கல் வாங்கலைப் பற்றி மட்டுமே.

அந்தக் குதிரைப் படம் இன்றும் என் கடையில் லாச்சிக்குப் பின்னால் தொங்குகின்றது. கீழே "அச்சுப் பிரதி, விலை 3,500" என்று எழுதி வைத்திருக்கின்றேன். சிலர் விலை கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். வாங்க வருகிறவர்களுக்கு முதலில் சட்டத்தைக் கழற்றிக் காட்டுவேன். பக்கத்திலேயே கண்ணாடியும் இருக்கின்றது.