தோட்டத்து மாரியம்மை விழா: சமயபாட ஆசிரியர்க்கு ஒரு குறிப்பு

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பாடசாலை ஒன்றிலே சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், திருவிழாவுக்காக மாணவன் ஒருவன் கையிற் கட்டியிருந்த மஞ்சட் காப்பைக் கண்டு, "இஃது ஆகமத்தில் இல்லாதது, அவிழ்த்துவிடு" என்றார். மாணவன் அவிழ்த்திலன், மறுநாள் தொட்டு வகுப்புக்கும் வந்திலன். ஆசிரியர் அவனது லயத்துக்குச் சென்று உசாவியபொழுது அவன் பாட்டியார், "கட்டுனது பூசாரி. அவுக்கச் சொல்றது ஆத்தா. நடுவுல நீங்க யாருங்க, வாத்தியாரய்யா?" என்றார்.

அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அவ்விழாவின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். இம்மக்களின் முன்னோருட் பலர் கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர். வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மையும் வழியிலேயே பலரை மாய்த்தன. 1869-ஆம் ஆண்டிலே கோப்பிக்கு இலைநோய் கண்டு அப்பயிர் அழியத் தேயிலை அதன் இடத்தைப் பற்றிற்று. புகையிரதம் பண்டாரவளைக்கு 1894-இலும் பதுளைக்கு 1924-இலும் வந்தது. அக்காலத்து இம்மலைகளிலே அவர்க்குச் சிவாலயமுமில்லை, சிவாசாரியருமில்லை. தம்மூர்க் கோயிலின் பிடிமண்ணை முடிந்து கொணர்ந்து, மரத்தடியிலே கல்லும் சூலமும் நாட்டி வழிபட்டனர். இன்று விமானத்தோடு விளங்கும் தோட்டக் கோயில்கள் பலவற்றின் தொடக்கம் இதுவே.

மாரி என்பது மழை. அம்மை என்பது தாய்க்கும் பெயர், நோய்க்கும் பெயர். அயலிலுள்ள சிங்கள மக்களும் இந்நோயைத் தெய்வத்தின் நோயென்றே வழங்கி, வேப்பிலை கட்டிப் பத்தினித் தெய்வத்தை வேண்டுவர். இவ்வொற்றுமையை மாணவர்க்கு எடுத்துக் காட்டுதல் நன்று. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது. நோய் போயும் விழா நின்றதோ எனின், நின்றிலது. மழையின் தேவை நீங்காமையின் என்க. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் ஆடி ஆவணியின் வறட்காற்றினால் அமைவது. ஆயினும் வறட்சி மிகுமாயிற் கொழுந்து குன்றும். கொழுந்து குன்றின் தொழிலாளர்க்குப் 'பேர்' குன்றும், அஃதாவது அந்நாட் கூலி குன்றும்.

எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே நாளில் விழா அமைவதில்லை. வேலையின் நெருக்கம் பார்த்துத் தலைவர்மாரும் கோயிற் குழுவினரும் நாட் குறிப்பர். பல இடங்களிற் செலவின் பங்கு தொழிலாளரின் சம்பளத்திலே பிடிக்கப்படும். காப்புக் கட்டுதல், கரகம் பாலித்தல், பாற்குடம், காவடி, சில இடங்களிலே தீமிதி, தேர், மஞ்சள் நீராட்டு, கரகம் குடிவிடுதல் என நிகழ்ச்சிகள் தொடரும். இவற்றுட் கரகமே உயிர்நிலை. இரவிலே ஆற்றங்கரையிற் பூசாரியார் குடத்தில் நீர் முகந்து, வேப்பிலையும் பூவும் செறித்து அலங்கரித்து, தப்பொலி முழங்கத் தலையிலேற்றி வருவார். கரகம் லயம் லயமாகச் செல்லும். வாயில்தோறும் பெண்கள் அவர் பாதத்தில் மஞ்சள் நீர் வார்த்து வணங்குவர். சமதக்கினி முனிவரின் மனைவியாகிய இரேணுகை, கற்பின் வலியாற் பச்சைமண்ணாலே குடம் வனைந்து நீர் முகந்த கதையை இவ்விடத்திற் கூறுக. கரகத்திலிருப்பது ஆற்றுநீர், விழா முடிவில் ஆற்றிலேயே விடப்படுவது. கும்பத்திலே தெய்வத்தை ஆவாகித்துப் பின் உத்துவாசனஞ் செய்யும் ஆகம முறையைக் கற்ற ஆசிரியர், இதனை அயலானதென்று எங்ஙனம் கூறுவர்?

ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) சிறுதெய்வக் கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியை வன்மையாகக் கண்டித்தார்கள். அதனை மேற்கோளாகக் காட்டி விழா முழுவதையும் இகழ்வாருமுளர். அவர்கள் கண்டித்தது, சிவாலயங்களும் புராணபடனமும் அண்மையிற் பெற்றிருந்தும் ஆட்டை வெட்டினவரை. ஒன்றும் பெறாது வந்து ஒரு கல்லை நட்டவர்மீது அச்சொல்லை எறிதல் நீதியன்று. ஆயினும் பலி உள்ள இடத்து அதனை விலக்கி நீற்றுப்பூசணியை வைக்குமாறு ஆசிரியர் நயந்து கூறலாம். சாராயம் பற்றியும், கடன்பட்டுக் காவடி எடுத்தல் பற்றியும், சிறுவரைத் தீமிதிக்க விடுதல் பற்றியும் அஞ்சாது பேசுக. நூலை அவிழ்த்தலால் இவற்றுள் ஒன்றும் நீங்காது. விழாவுக்கு முந்திய கூட்டத்தில் ஆசிரியரும் ஒருவராய் அமர்ந்திருப்பாராயிற் சில நீங்கும்.

எட்டாம் நாள் அம்மாணவன் வகுப்புக்கு வந்தான். காப்பு இல்லை, மஞ்சட்கறை மாத்திரம் இருந்தது. ஆசிரியர் அவனை அழைத்துக் கரகம் சென்ற வழியைக் கரும்பலகையில் வரையச் சொன்னார். ஆற்றிலிருந்து கோயிலுக்கும், அங்கிருந்து கீழ்க்கணக்கு லயங்களுக்கும், பின் மேற்கணக்குக்கும் கோடு இழுத்து, நின்ற இடந்தோறும் ஒரு புள்ளி இட்டான். ஒரு லயத்தின் எதிரே மட்டும் புள்ளியில்லை.

"இங்கே நில்லாதோ?" என்றார் ஆசிரியர்.

"அது தப்படிக்கிறவங்க லயம், சார். அங்க நிக்காது."

தப்பின்றிக் கரகம் ஓரடியும் எடுத்துவைப்பதில்லை என்பதை அவ்வகுப்பிலுள்ள பிள்ளைகள் யாவரும் அறிவர். ஆசிரியர் அதற்குமேல் அன்று ஒன்றும் கூறிலர். அடுத்த விழாக் கூட்டத்திற்குத் தம்மையும் அழைக்கும்படி தலைவரைக் கேட்டிருக்கின்றார். கேட்பதற்கு முன் அப்பாட்டியாரிடம் சென்று, காப்பைப் பற்றிப் பேசியமைக்குப் பொறுத்தருளும்படி வேண்டிக்கொண்டார்.